விளையாட்டுச் செய்யக் கற்பித்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் காரியதரிசி அவர்கள் அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்ததைக் கண்டோம். அவர் சிரித்ததிலே பிழையில்லை. பிள்ளை படிக்கிறான் என்று எண்ணிக் கதவைத் திறந்தால் அவன் கணனியிலே விளையாடிக்கொண்டிருக்கிறான். இந்த மனுஷர் வந்து அதையே ஒரு படிப்பு என்கிறாரே என்று அவர் நினைத்திருப்பார். விளையாடுவது படிப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. விளையாட்டைச் செய்வது ஒரு படிப்பு என்றும், அதைப் பல்கலைக்கழகத்திலே கற்பிப்பது எப்படி என்றும், கூட்டமாய்க் கூடாமல் தனித்தனியே கற்றால் அது ஏன் கைவருவதில்லை என்றுமே சொல்ல வந்தோம். நாமும் சில ஆண்டுகள் அக்கற்பித்தலிலே ஈடுபட்டுச் சூடு கண்டவர்கள். ஆதலால் பிறர் நன்றாகச் செய்ததையும் நாம் பிழையாகச் செய்ததையும் சேர்த்தே சொல்லுவோம்.

முதலில் அந்தப் பெரியவருக்காக ஒரு சிறு விளக்கம். திரையிலே ஒரு பந்து துள்ளி ஓடுகிறது. உண்மையில் அங்கே ஓடுவது ஒன்றுமில்லை. சினிமாவிற்போல நின்ற படங்களே ஒன்றன்பின் ஒன்றாய் மாறுகின்றன. சினிமாவிலே ஒரு செக்கனுக்கு 24 படம். கணனி விளையாட்டிலே பெரும்பாலும் 60. ஆனால் சினிமாப் படம் முன்னரே எடுத்து வைத்தது. விளையாட்டின் படமோ அந்தக் கணத்திலேதான் பிறக்கவேண்டும். ஏனெனில் விளையாடுகிறவன் அடுத்த கணம் எந்தப் பொத்தானை அமுக்குவான் என்பது அதைச் செய்தவனுக்குத் தெரியாது. ஆதலின் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் ஏறக்குறைய 17 மில்லிசெக்கனுக்குள் கணனி மூன்று வேலைகளை முடிக்கவேண்டும். விளையாடுகிறவன் என்ன செய்தான் என்று பார்க்கவேண்டும். அதற்கேற்ப அந்தச் சிறிய உலகத்திலுள்ள ஒவ்வொரு பொருளையும் நகர்த்தி, எவை மோதின, எவை விழுந்தன என்று கணிக்கவேண்டும். பின்பு முழுவதையும் வரையவேண்டும். விளையாட்டு முடியும்வரை இந்தச் சுற்றுக்கு ஓய்வில்லை. பந்து துள்ளுவதற்கு நியூற்றன் வேண்டும். திரும்புவதற்குத் திரிகோண கணிதம் வேண்டும். முப்பரிமாணமாய்க் காட்டுவதற்குக் காவியும் தாயமும் வேண்டும். உயர்தர வகுப்பிலே இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள், "இதெல்லாம் எதற்கு ஐயா உதவும்?" என்று கேட்பதுண்டு. இதற்கு உதவும்.

இவ்வளவும் ஒரு பக்கம். சித்திரம் வரைபவர் வேண்டும், இசையமைப்பவர் வேண்டும், கதை புனைபவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது விளையாடச் சுவையாய் இருக்கிறதா என்று அறியவேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கடினமானது. கணக்குப் பிழைத்தால் யந்திரம் சொல்லிவிடும். சுவை பிழைத்தால் வேறு மனிதர்தாம் சொல்லவேண்டும். இப்படிப்புக்குக் கூட்டம் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு முதற் காரணம் இது.

இனி, இப்படிப்பு ஒரு பல்கலைக்கழகத்திலே எப்படி முளைத்தது என்பதைப் பார்ப்போம். ஸ்கொட்லாந்திலே டே என்னும் ஆறு கடலோடு சேருமிடத்தில் டண்டி என்றொரு நகரம் இருக்கிறது. அந்நகரம் ஒருகாலத்திலே சணலுக்கும் ஜாமுக்கும் பத்திரிகைக்கும் பேர்போனது. ஆங்கிலத்திலே மூன்று சொற்களும் ஒரே எழுத்திலே தொடங்குவதால் ஊரார் அவற்றை வாய்பாடு போலச் சொல்லுவார்கள். வங்காளத்துச் சணல் கப்பலேறி அங்கே போய்த் திமிங்கில எண்ணெயிலே மென்மைப்பட்டுச் சாக்காயிற்று. பின்னர் கல்கத்தாவிலேயே ஆலைகள் எழுந்தன. டண்டியின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடுண்டன.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் ரைமெக்ஸ் என்னும் கடிகாரக் கம்பனி அங்கே தொழிற்சாலை வைத்தது. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே சேர் கிளைவ் சின்கிளேயர் என்பவரின் சிறிய கணனிகளை அத்தொழிற்சாலை செய்துகொடுத்தது. 1982இலே வெளிவந்த ஸ்பெக்ட்ரம் என்னும் கணனியின் மலிவான வகை 125 பவுண், றப்பர்ப் பொத்தான்கள், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு பூட்டி விடலாம். தாயும் தகப்பனும் வேலை செய்யும் இடத்திலே உண்டாகும் பொருளாதலால் டண்டிப் பிள்ளைகளுக்கு அது அந்நியமாய்த் தோன்றவில்லை.

அந்நகரத்துக் கிங்ஸ்வே தொழில்நுட்பக் கல்லூரியிலே கணனிப் பிரியர் சங்கம் ஒன்று கூடிவந்தது. அங்கே பாடமுமில்லை, பரீட்சையுமில்லை. தத்தம் கணனியைக் கொண்டுவந்து, தாம் செய்ததை மற்றவருக்குக் காட்டிப் போவார்கள். 1984ஆம் ஆண்டளவிலே அச்சங்கத்திலே டேவிட் ஜோன்ஸ், மைக் டெய்லி, ரசல் கே, ஸ்டீவ் ஹமண்ட் என்னும் நான்கு வாலிபர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். ஜோன்ஸ் ரைமெக்ஸ் தொழிற்சாலையிலே தொழில் பழகியவர். அங்கிருந்து விலகியபோது கிடைத்த பணத்திலே அமிகா என்னும் கணனியை வாங்கினார். ஊரிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றிலே சேர்ந்து படித்தார். விளையாட்டுச் செய்வதிலே மூழ்கிப் படிப்பை இடைநடுவில் விட்டார். (இந்த இடத்தை மட்டும் பெற்றோர் கேட்க, பிள்ளைகள் கேளாதிருக்க வேண்டுகிறோம்.) அவர் தொடங்கிய கம்பனி டீ.எம்.ஏ. டிசைன்.

1989 ஆவணியிலே ஒருநாள் மத்தியான இடைவேளை. அக்கம்பனியிலே வேறொரு விளையாட்டுக்காகச் சின்னஞ்சிறு மனித உருவங்கள் வேண்டியிருந்தன. ஒருவர் அவற்றைப் பக்கத்துக்குப் 16 புள்ளி கொண்ட கட்டத்திலே வரைந்தார். மைக் டெய்லியோ அது பெரிது, 8 புள்ளிக் கட்டமே போதும் என்று வாதாடி, அந்த இடைவேளையிலேயே வரைந்தும் காட்டிவிட்டார். வரிசையாய் நடந்து போகும் குட்டி உருவங்கள். இன்னொருவர் அவற்றின் நடையைத் திருத்தினார். பார்த்துக்கொண்டு நின்ற ரசல் கே, இதற்குள்ளே ஒரு விளையாட்டு இருக்கிறது என்றார். அப்படிப் பிறந்ததுதான் லெம்மிங்ஸ். முன்னே பள்ளமா சுவரா என்று பாராமல் நடந்துகொண்டே போகும் உயிர்கள். ஒன்றை வழிமறித்து நிற்கவும், ஒன்றைப் படி கட்டவும், ஒன்றைக் குழி தோண்டவும் ஏவி, கூட்டத்தைக் கரைசேர்ப்பது விளையாடுகிறவர் பொறுப்பு. 1991 மாசி மாதம் 14ஆம் திகதி வெளிவந்தபோது முதல் நாளிலேயே 55,000 பிரதிகள் விற்றதாகச் சொல்லுவார்கள். ஒருவர் தனித்திருந்து யோசித்திருந்தால் இது பிறந்திராது. ஒருவர் வரைய, ஒருவர் மறுக்க, ஒருவர் திருத்த, ஒருவர் சும்மா நின்று பார்க்கவேண்டியிருந்தது. சும்மா நின்று பார்த்தவருடைய பங்கை நாம் குறைத்து எண்ணுவதில்லை.

1993இலே பெரிய வேலைநிறுத்தம் ஒன்றின் முடிவிலே ரைமெக்ஸ் தொழிற்சாலை மூடுண்டது. மறு ஆண்டிலே, ஜோன்ஸ் படித்து விட்டுப்போன அந்தக் கல்லூரி அபர்ட்டே என்னும் பெயரோடு பல்கலைக்கழகமாயிற்று. 1997இலே கணனி விளையாட்டுக்கென்றே ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கி, உலகத்திலே இதுவே முதலாவது என்று சொல்லிக்கொண்டது. அமெரிக்க தேசத்துக் கல்விச்சாலை ஒன்றும் அக்காலத்திலேயே தொடங்கியது. யார் முந்தியவர் என்ற வழக்கிலே நாம் புகவேண்டியதில்லை. கவனிக்கவேண்டியது ஒழுங்கு. முதலிலே சங்கம் வந்தது, அடுத்துத் தொழில் வந்தது, பதின்மூன்று வருஷத்தின் பின்புதான் பட்டம் வந்தது. நம்மிற் பலர் அதைத் தலைகீழாய்ச் செய்கிறோம். பாடத்திட்டம் எழுதி, அங்கீகாரம் பெற்று, கணனிகளை வாங்கி அடுக்கிவிட்டு, மாணாக்கர் ஏன் உற்சாகமின்றி இருக்கிறார்கள் என்று கேட்கிறோம்.

அபர்ட்டேயார் பட்டத்தோடு நின்றுவிடவில்லை. பின்னும் சில ஆண்டிலே கோடைகாலப் போட்டியொன்றைத் தொடங்கினார்கள். ஐந்து மாணாக்கர் ஒரு குழு. கணிதம் அறிந்தவரும் சித்திரம் அறிந்தவரும் கலந்திருப்பர். சில கிழமைகள் ஒரே கட்டிடத்திலே பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து ஒரு விளையாட்டின் முதல் வடிவத்தைச் செய்யவேண்டும். தொழில் செய்பவர்கள் வந்து பார்த்துப் புத்தி சொல்லுவார்கள். முடிவிலே ஊர்ச் சனங்களை அழைத்து விளையாடவிட்டு அவர்களுடைய வாக்கையும் கேட்டார்கள். அந்தப் போட்டி பல வருஷம் நடந்து இப்போது நின்றுவிட்டது. ஆனால் ஊர்ச் சனங்களை நடுவர்களாக்கிய அந்தப் புத்தியை நாம் பிற்காலத்திலே கடன்வாங்கினோம்.

நம்முடைய கதைக்கு வருவோம். நாம் கற்பித்த பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. இப்பாடத்தைத் தொடங்கியபோது மற்றப் பாடங்களைக் கற்பித்த மாதிரியே இதையும் கற்பித்தோம். பன்னிரண்டு கிழமை விரிவுரை. பின்பு ஒவ்வொரு மாணாக்கரும் தனித்தனியே ஒரு விளையாட்டைச் செய்து ஐம்பது பக்க அறிக்கையோடு ஒப்படைக்கவேண்டும். புள்ளியிலே பெரும்பகுதி அறிக்கைக்கு.

முதல் வகுப்பிலே மிகக் கெட்டிக்காரனான ஒருவன் இருந்தான். தான் ஒரு தீவு முழுவதையும் செய்யப்போவதாக வந்து சொன்னான். காற்றுக்காலமும் மழைக்காலமும் மாறும். மீனவர் தொழிலுக்குப் போவார்கள். சந்தையிலே விலை ஏறி இறங்கும். ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சரித்திரம் இருக்கும். கேட்க ஆசையாயிருந்தது. நாம் சந்தோஷமாய்க் கையொப்பமிட்டோம். எட்டு மாதம் அவன் அறையைவிட்டு அதிகம் வெளிவரவில்லை. அரைகுறையை மற்றவருக்குக் காட்ட அவனுக்கு வெட்கம்; நாமும் காட்டு என்று கேட்கவில்லை. இடையிலே அவனுடைய கணனி பழுதாகி, இரண்டு மாத வேலை பிரதியில்லாமல் அழிந்துபோயிற்று. அதையும் அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒப்படைக்கவேண்டிய நாளிலே அவன் வரவில்லை. பின்பு நாம் அதைத் திறந்து பார்த்தபோது கடல் இருந்தது. அலை அலையாய், வெயில்பட்டு மின்னிக்கொண்டு, அதைப்போல அழகான கடலை நாம் வேறெந்த மாணாக்கர் வேலையிலும் கண்டதில்லை. வள்ளமில்லை, சந்தையில்லை, மனிதரில்லை.

அவன் பட்டம் பெறாமலே போனான். அவனுடைய தகப்பனார் ஒருநாள் நம்மைத் தேடி வந்தார். தூர இடத்திலிருந்து பஸ்சிலே வந்த களைப்பு முகத்திலே இருந்தது. "சேர், பிள்ளை இராப்பகலாய் வேலை செய்தவன். நான் கண்ணாலே கண்டனான். பிறகேன் இப்படி வந்தது?" என்று கேட்டார். கோபமாய்க் கேட்கவில்லை; அறியவேண்டியே கேட்டார். நம்மிடத்திலே பதில் இருக்கவில்லை. முதலிலே ஒரு வள்ளத்தைச் செய், அதைக் கரையிலிருந்து கடலுக்குப் போக்கு, பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல் என்று அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டியவர்கள் நாம். சொல்லாதது நம்முடைய குற்றம்.

அதன்பின்புதான் மற்றவர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். அமெரிக்க தேசத்துப் பிற்ஸ்பேர்க் நகரத்திலே கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்திலே ரண்டி போஷ் என்னும் கணனிப் பேராசிரியர் இருந்தார். 2008இலே, 47 வயதிலே, புற்றுநோயாற் காலமானார். கற்பனை உலகங்களைக் கட்டுவது என்ற பொருளிலே அவர் ஒரு வகுப்பு நடத்தினார். சித்திரம், நாடகம், கணனி என்று வெவ்வேறு துறைகளிலிருந்து ஏறக்குறைய ஐம்பது பேர். நாலு பேர் கொண்ட குழு. இரண்டு கிழமையிலே ஓர் உலகத்தைக் கட்டிக் காட்டவேண்டும். காட்டி முடிந்ததும் குழு கலைந்துவிடும். அடுத்த இரண்டு கிழமைக்கு வேறு மூவரோடு சேரவேண்டும். சுட்டுக்கொல்லுதலும் ஆபாசமும் ஆகா என்று இரண்டே விதிகள். அவை முன்னரே எல்லாரும் செய்து சலித்தவை என்பது அவர் சொன்ன காரணம். அவ்விரண்டையும் விலக்கிவிட்டால் எத்தனையோ வாலிபருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை என்று அவர் வேடிக்கையாய்ச் சொல்லுவதுண்டு.

முதன்முறை மாணாக்கர் கொண்டுவந்த வேலை அவரைத் திகைக்கவைத்தது. ஒரு தவணை முழுவதுக்கும் எதிர்பார்க்கக்கூடியதை இரண்டு கிழமையிலே செய்துவிட்டார்கள். இனி எதைச் சொல்வது என்று தெரியாமல், தம் ஆசிரியரான அன்டி வான் டாம் என்பவருக்குத் தொலைபேசியிலே பேசினார். அவரோ, நாளைக்குப் போய், நன்றாயிருக்கிறது, ஆனால் உங்களால் இதைவிட நன்றாய்ச் செய்யமுடியும் என்று சொல் என்றாராம். மாணாக்கர் எவ்வளவு உயரத்துக்குப் போவார்கள் என்பதை ஆசிரியர் அறியமாட்டார். அறிந்தவர்போல ஒரு கோடு போட்டால் அது அவர்களுக்குத் தீங்கு என்பதைப் போஷ் அப்போது விளங்கிக்கொண்டார். இன்னும் ஒன்று செய்தார். உன்னோடு சேர்ந்து வேலை செய்வது மற்றவருக்கு எளிதாயிருந்ததா என்று கூட்டாளிகளைக் கேட்டு, அந்தப் பதிலை ஒவ்வொருவருக்கும் காட்டினார். தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று எண்ணியிருக்கும் பிள்ளைக்கு அதைவிட மருந்து வேறில்லை.

அதன்பின் நாமும் முறையை மாற்றினோம். முதல் இரண்டு கிழமையிலே எல்லாரும் பொங் என்னும் பழைய பந்தடி விளையாட்டைச் செய்யவேண்டும். 1972இலே அற்றாரிக் கம்பனியார் வெளியிட்டது. புதிதாய் வேலைக்குச் சேர்ந்த அலன் அல்கோர்ன் என்பவருக்குக் கைபழகக் கொடுத்த அப்பியாசமே அப்படிப் பேர்போன விளையாட்டாயிற்று. இரண்டு மட்டையும் ஒரு பந்துந்தான். ஆனால் முடித்துத் தரவேண்டும். தொடக்கம் இருக்கவேண்டும், புள்ளி எண்ணவேண்டும், சத்தம் வேண்டும், தோற்றவர் மறுபடி விளையாட வழி வேண்டும். பந்து துள்ளியவுடன் வேலை முடிந்தது என்று எண்ணும் பிள்ளைகள் அப்போதுதான் பாதிவேலை அதன்பின்பே இருப்பதைக் காண்பார்கள். பின்வரும் வேலைகளெல்லாம் குழுவாய், குழு திருவுளச்சீட்டினால். ஒவ்வொரு நாள் மாற்றத்தையும் நாள்வழிக் கணக்குப்போலப் பதிந்துவைக்கும் கிற் என்னும் கருவியை முதல் நாளிலேயே பழக்கினோம். இரண்டு மாத வேலை அழிந்துபோன பிள்ளையை நினைத்தே பழக்கினோம்.

வகுப்பு இவ்வாறு சீர்ப்பட்டது. சங்கம் சீர்ப்பட இன்னும் நாளாயிற்று.

சங்கமென்றால் எப்படியிருக்கவேண்டும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்லலாம். 1961இலே அமெரிக்க தேசத்து மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பீ.டீ.பி.-1 என்னும் கணனி வந்தது. அதன் விலை 120,000 டொலர். அக்கழகத்திலே மாதிரிப் புகையிரதங்களை ஓடவிட்டு மகிழும் மாணாக்கர் சங்கம் ஒன்று இருந்தது. அதன் அங்கத்தவர்கள் இரவிலே அந்தக் கணனியைச் சூழ்ந்துகொண்டார்கள். அதன் திரையிலே இரண்டு விண்கலங்கள் போரிடும் விளையாட்டொன்றைச் செய்யலாம் என்று ஸ்டீவ் ரசல் என்பவர் சொன்னார், சொன்னாரேயொழியத் தொடங்கவில்லை. சைன், கோசைன் கணிக்கும் நிரல் தம்மிடம் இல்லையென்று சாக்குச் சொன்னார். அலன் கோட்டொக் என்னும் நண்பர் காரை எடுத்துக்கொண்டு கணனி செய்த கம்பனிக்கே போய், அந்த நிரல் உள்ள காகித நாடாக்களை வாங்கிவந்து, இனி என்ன சொல்லப்போகிறாய் என்று முன்னே வைத்தார். 1962இலே ஸ்பேஸ்வோர் உருவாயிற்று. ஒருவர் உண்மையான வானத்து நட்சத்திரங்களைச் சேர்த்தார்; ஒருவர் நடுவிலே சூரியனை வைத்து அதன் ஈர்ப்பைச் சேர்த்தார்; கணனியின் ஆளிகளை அழுத்தி முழங்கை நோவதால் இருவர் தனியே கைப்பெட்டிகள் செய்துகொடுத்தனர். புள்ளியுமில்லை, சம்பளமுமில்லை. சாக்குச் சொல்லும் பிள்ளைக்கு நாடாவை வாங்கிவந்து கொடுக்கும் தோழன் விரிவுரையிலே கிடைக்கமாட்டான். அவன் இரவு நேரத்து அறையிலேதான் கிடைப்பான்.

அந்த அறைதான் நமக்குச் சிக்கலாயிற்று. நம் மாணாக்கர் மாலையிலே ஆய்வுகூடத்திலே கூடிவந்தார்கள். இருபது பேருக்கு மேலே வருவார்கள். ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: மாலை 6 மணிக்கு ஆய்வுகூடம் பூட்டப்படும். மின்சாரச் செலவும் களவுப் பயமும் காரணம். இரண்டு மாதத்துக்குள் சங்கத்திலே நாலு பேர்தான் மிஞ்சினார்கள். கடிதம் எழுதினோம், குழு கூடியது, உபகுழு கூடியது, திறப்பு நம் கைக்கு வர ஒரு வருஷம் சென்றது. நாம் அங்கே கற்பித்த காலத்திலே மாணாக்கருக்குச் செய்த மிகப் பெரிய உபகாரம் எது என்று கேட்டால், எழுதிய பாடக்குறிப்புக்களைச் சொல்லமாட்டோம். அந்தத் திறப்பையே சொல்லுவோம்.

இரவுக் காவலாளி ஒருவர் இருந்தார். அறை பூட்டப்பட வேண்டிய நேரத்திலே வந்து வாங்கிலே இருப்பார். ஒருநாள் மாணாக்கர் அவரை விளையாடிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கணனியைத் தொட்டதில்லை. திரையிலே ஒரு வீடு. கதவால் உள்ளே போகவேண்டும். அவர் சுவரையே முட்டிக்கொண்டிருந்தார். செய்த பிள்ளைக்குப் பொறுக்கவில்லை, "அண்ணை, வலப்பக்கம்! வலப்பக்கம்!" என்று கத்தினான். நாம் அவனை வெளியே கூட்டிக்கொண்டுபோய், நீ கடையிலே விற்கும் ஒவ்வொரு பிரதியோடும் கூடப் போய் நின்று வலப்பக்கம் என்று சொல்லுவாயா என்று கேட்டோம். திரும்பி வந்து வாய்பொத்தி நின்றான். ஐந்து நிமிஷம் சென்றபின் காவலாளி, "தம்பி, அந்தக் கதவு சுவரிலே கீறின படமெண்டெல்லோ நினைச்சன்" என்றார். அன்றிரவே கதவைச் சற்றுத் திறந்திருப்பதாக மாற்றி வரைந்தார்கள். அதுமுதல் எதையும் முதலிலே அவரிடம் காட்டுவதே வழக்கமாயிற்று. ஊரார் நடுவராவது என்பதை அவர்தாம் நமக்குக் கண்ணாலே காட்டினார்.

ஒரு விஷயத்தை வெட்கத்தோடு சொல்லவேண்டும். சங்கத்துக்கு முதல் வருஷம் இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் கிழமை வரவில்லை. பாடம் கூடிவிட்டதாக்கும் என்று எண்ணினோம். அடுத்த வருஷமும் அப்படியே நடந்தபின்தான் ஒருத்தியிடம் விசாரித்தோம். பையன்கள் ஒருவரும் தகாதபடி பேசவில்லையாம், பேசவேயில்லையாம். தாங்கள் விளையாடிய துப்பாக்கி விளையாட்டைப் பற்றித் தங்களுக்குள்ளே கதைத்துக்கொண்டிருந்தார்களாம். கூட்ட நேரமும் வீடு திரும்பும் கடைசி பஸ்சுக்குப் பிந்தியதாம். கிழமைக்கு ஒருமுறை மத்தியானத்திலும் கூடுவதென்றும், யார் வந்தாலும் முதல் நாளே ஒரு குழுவிலே சேர்த்து ஒரு வேலை கொடுப்பதென்றும் வைத்தபின் வந்தவர்கள் நின்றார்கள். இரண்டு வருஷத்திலே சங்கத் தலைவியாய் ஒரு பெண்பிள்ளையே வந்தார். கணக்குப் புத்தகம் அதற்குமுன் அவ்வளவு ஒழுங்காய் இருந்ததில்லை.

பெற்றோர் கேட்கக் காத்திருக்கும் கேள்வி நமக்குத் தெரியும். இது சோறு போடுமா? நேராகவே சொல்லுகிறோம். இத்தொழில் நிலையானதன்று. டண்டியிலேயே டேவிட் ஜோன்ஸ் பின்னர் தொடங்கிய ரியல்ரைம் வேர்ல்ட்ஸ் என்னும் பெரிய கம்பனி, பல வருஷம் உழைத்துச் செய்த விளையாட்டு வெளிவந்த 2010ஆம் ஆண்டிலேயே முறிந்துபோயிற்று. 2023, 2024ஆம் ஆண்டுகளிலே உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இத்தொழிலில் வேலை இழந்தார்கள். ஒப்படைக்கும் காலம் நெருங்கும்போது இரவும் பகலும் வேலை வாங்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. இவற்றை மறைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் நல்லது செய்யவில்லை. ஆனால் டண்டியிலே அந்தக் கம்பனி முறிந்தபோது வேலை இழந்தவர்களிற் சிலர் அந்த ஊரிலேயே சிறு கம்பனிகளாய் எழுந்தார்கள். ஒருவரையொருவர் முன்னரே அறிந்திருந்ததனால் அது முடிந்தது. கணிதமும் கூட்டுவேலையும் பழகிய பிள்ளை வேறு கணனி வேலைக்கும் போகலாம். நம் மாணாக்கரிற் பெரும்பாலோர் அப்படித்தான் போனார்கள். விளையாட்டுத் தொழிலுக்கே போனவர்கள் ஒருசிலர். அவர்களும் மற்றவர்களும் ஆண்டுக்கொருமுறை திரும்பிவந்து புதியவர்களின் வேலையைப் பார்ப்பார்கள். அந்த நாளிலே நாம் தேநீர் கொடுப்பதோடு சரி.

அவர்கள் வருவது பெரும்பாலும் தை மாதக் கடைசியிலே. அப்போது உலகெங்கும் ஒரே காலத்திலே, 48 மணித்தியாலத்துக்குள் ஒரு விளையாட்டைக் குழுவாய்ச் செய்துமுடிக்கும் கூட்டம் நடக்கும். டென்மார்க் தேசத்துக் கொப்பன்ஹேகனிலே நடந்துவந்த கூட்டமொன்றைப் பின்பற்றி 2009இலே உலகளவிலே தொடங்கியபோது 23 நாடுகளிலே 53 இடங்களில் நடந்தது. அதற்கும் ஜாம் என்றே பெயர். டண்டியின் ஜாமை அறிந்த நமக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். பொருள் ஒன்று அன்றைக்குத்தான் அறிவிக்கப்படும், அறியாதவர்களோடு சேரவேண்டும், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லார் முன்னும் காட்டவேண்டும். நித்திரை கொள்ளாதிருப்பது வீரமென்று எண்ணும் பிள்ளைகளை நாம் இராத்திரி பத்து மணிக்கே வீட்டுக்குத் துரத்திவிடுவோம். நித்திரையில்லாமல் எழுதியதைத் திருத்தவே மறுநாள் போய்விடும்.

அத்தகைய கூட்டமொன்று வேறொரு தேசத்திலே நடந்தபோது அதிலே சேர்ந்த ஒருவரிடமிருந்து சில வருஷத்துக்கு முன் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தத் தீவைச் செய்யப் புறப்பட்ட மாணவன். இப்போது ஒரு களஞ்சியசாலையிலே கணக்கு வேலை பார்க்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வற்புறுத்தியதனால் கூட்டத்துக்குப் போனாராம். முன்பின் அறியாத மூன்று பேரோடு சேர்ந்து இரண்டு நாளிலே ஒரு விளையாட்டைச் செய்தாராம். ஒரு வள்ளம் கரையிலிருந்து புறப்பட்டு, பாறையிலே மோதாமல், வலை நிறைய மீனோடு பொழுதுபடுமுன் திரும்பவேண்டும். அவ்வளவுதான். சேர், இதுதான் நான் முடித்த முதல் விளையாட்டு என்று எழுதி, அதையும் கூடவே அனுப்பியிருந்தார்.

நாம் அதை விளையாடிப் பார்த்தோம். கடல் முன்போல அழகாயில்லை. நாலாம் பாறையைத் தாண்ட நம்மால் முடியவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம்.